வாக்குக் கொடுத்தவர் மெய்ப்பிக்கட்டும்

வட்டக்கச்சி,
கிளிநொச்சி.

அன்பு மகளுக்கு,

நாங்கள் இங்கே சுகம். அம்மாவின் முழங்கால் நோ கொஞ்சம் குறைந்திருக்கிறது. நீ ஞாயிற்றுக்கிழமை போனில் அழுததை அவவுக்கு நான் சொல்லவில்லை. "நாங்கள் வாதாடும் ஆள் தெரிந்த எல்லாவற்றையும் அரச தரப்புக்குச் சொல்லிக்கொடுத்தார் அப்பா. இப்போது அவருக்காகத் தண்டனைக் குறைப்பு மனுப் போடமாட்டோம் என்கிறார்கள். நீதிபதியால் ஒன்றும் செய்ய முடியாதாம்" என்று நீ சொன்னது மூன்று நாளாகக் காதுக்குள்ளேயே நிற்கிறது. நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய தீர்ப்புகளை எல்லாம் வாசித்தேன். இத்தனை வருடம் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தவனுக்கு ஆங்கிலத் தீர்ப்பு புதிதில்லை. ஆனாலும் அமெரிக்க முறை பிடிபட இரண்டு இரவு போய்விட்டது.

நான் விளங்கிக்கொண்டதை எழுதுகிறேன், பிழை என்றால் திருத்து. உன் ஆளைப் போல 5 கிலோ அல்லது அதற்கு மேல் கொக்கெயினோடு பிடிபட்டவருக்குக் குறைந்தது 10 வருடம் என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறது. இவரைப் போன்றவருக்கு அதற்குக் கீழே இறங்க ஒரு வழிதான். மற்றவர்கள் மீதான வழக்குக்கு இவர் கணிசமாக உதவினார் என்று அரச தரப்பு மனுப் போட வேண்டும். பூட்டு நீதிமன்றத்தில் தொங்குகிறது, திறப்பு வழக்குத்தொடுநரின் மடியில். 1992இல் வேட் என்பவரின் வழக்கில் உங்கள் உச்ச நீதிமன்றம், மனுப் போடுவது அரசுக்கு உள்ள அதிகாரம், கடமை அல்ல என்று சொல்லிவிட்டது. இனம், மதம் போன்ற காரணத்துக்காக மறுத்திருந்தால், அல்லது நியாயமான அரச நோக்கம் எதனோடும் ஒட்டாமல் மறுத்திருந்தால் மட்டுமே நீதிமன்றம் உள்ளே பார்க்கும். நான் உதவினேன் என்று காட்டுவது மட்டும் போதாது.

உன் பெரிய சட்டத்தரணி இதைக் காட்டித்தான் கையை விரித்திருக்கிறார். ஆனால் பிள்ளை, வேட்டின் கதையைத் திரும்ப வாசி. அவருக்கு யாரும் உடன்படிக்கை எழுதிக் கொடுக்கவில்லை. தெரிந்ததைச் சொன்னார், பலன் வரும் என்று நம்பினார், வரவில்லை. அரசு ஒப்பந்தம் செய்து, தன் விருப்பப்படி முடிவெடுக்கும் அதிகாரத்தைத் தானே கட்டிக்கொண்டால் அது வேறு என்பதற்கு அந்தத் தீர்ப்பிலேயே இடம் இருக்கிறது. உன் ஆளின் கையில் ஒப்பமிட்ட கடதாசி இருக்கிறது. 'உதவி போதுமானதா என்பதை அரசு மட்டுமே தீர்மானிக்கும்' என்று அதில் ஒரு வரி இருப்பதும் தெரியும். அப்படி வரி இருந்தாலும், உதவி போதாது என்ற அரசின் அதிருப்தி நேர்மையானதா என்று நீதிமன்றம் பார்க்கலாம் என்று உங்கள் நியூயோர்க் பகுதிக்குரிய மேன்முறையீட்டு நீதிமன்றம் 1990இலேயே சொல்லியிருக்கிறது. எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், அரசு நேர்மையாக நடக்கவில்லை என்று முதலில் எழுப்ப வேண்டும், அரச தரப்பு சுருக்கமாகக் காரணம் சொல்ல வேண்டும், பிறகு விசாரணை வேண்டுமானால் நேர்மையீனத்துக்கு எதிரி ஏதாவது ஆதாரம் காட்ட வேண்டும். அந்தக் கடைசிப் படியில்தான் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

போன கிழமை சிறுபோகக் கூட்டம் நடந்தது. இரணைமடுக் குளத்தில் நிற்கும் தண்ணீரைப் பார்த்து, இத்தனை ஏக்கருக்குத்தான் பாய்ச்சலாம் என்று அதிகாரிகளும் கமக்கார அமைப்புகளும் இருந்து முடிவெடுத்து, அறிக்கையில் எழுதினார்கள். அந்த எழுத்தை நம்பித்தான் சித்தப்பா நகையை அடகு வைத்து விதைநெல் எடுத்தார். விதைத்து முப்பதாம் நாள் ஒருவர் வந்து, 'நீ வாய்க்கால் துப்புரவாக்கியது எனக்குத் திருப்தியில்லை, உனக்குத் தண்ணீர் இல்லை' என்று சொன்னால் ஊர் விடுமா? திருப்தியில்லை என்றால் எந்த வாய்க்கால், எந்த நாள், என்ன குறை என்று கேட்பார்கள். விதைத்த நெல்லைத் திரும்பப் பொறுக்கி மூட்டையில் கட்ட முடியாது. உன் ஆள் சொன்ன சாட்சியமும் அப்படித்தான். வாயை விட்டுப் போனது போனதுதான். அதை வைத்து அரச தரப்பு மூன்று பேரை உள்ளே அனுப்பிவிட்டது என்று நீதானே சொன்னாய்?

சரி, இனி நான் உனக்கு ஒருநாளும் சொல்லாத விஷயத்துக்கு வருகிறேன்.

2011. நாங்கள் அப்போது வவுனியாவில் இருந்தோம், நீ ஒன்பதாம் வகுப்பு. ஒருநாள் மாலை, மொழிபெயர்க்க ஆள் இல்லை என்று என்னை ஓரிடத்துக்கு அழைத்துப் போனார்கள். எந்த இடம் என்று இங்கே எழுதவில்லை. அறையில் ஓர் அதிகாரி, ஒரு மேசை, இருபத்திரண்டு வயது மதிக்கத்தக்க ஒரு பெடியன். பெடியனுக்குச் சிங்களம் தெரியாது, அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. அதிகாரி அடிக்கவில்லை, அதட்டவில்லை. தேநீர் கூடக் கொடுத்தார். சொன்னது இதுதான்: 'இன்னாரோடு சேர்ந்து செய்ததை ஒப்புக்கொண்டு சொல், ஒரு வருடம் புனர்வாழ்வு, பிறகு வீட்டுக்குப் போகலாம்.' நான் அதைத் தமிழில் சொன்னேன். பெடியன் அதிகாரியைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தான். 'உண்மையாவோ ஐயா?' என்று கேட்டான். அந்தக் கேள்வியையும் நான் சிங்களத்தில் திருப்பிக் கொடுத்தேன். அதிகாரி தலையாட்டினார். நானும் தலையாட்டினேன். மொழிபெயர்ப்பாளன் தலையாட்டக் கூடாது. அந்தத் தலையாட்டலை நம்பித்தான் அவன் வாய் திறந்தான்.

ஏழெட்டு மாதத்துக்குப் பிறகு வழக்கு வந்தபோது அந்த அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார். கோப்பில் புனர்வாழ்வு பற்றி ஒரு சொல் இல்லை. அரச தரப்பில் வந்த சட்டத்தரணி அப்படி ஒரு வாக்குறுதியைக் கேள்விப்படவே இல்லை என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

எங்கள் சான்றுக் கட்டளைச் சட்டம் 1895இல் வந்தது. அதன் 24ஆம் பிரிவு, அதிகாரத்தில் உள்ளவர் ஆசை காட்டியோ அச்சுறுத்தியோ வாக்குக் கொடுத்தோ வாங்கிய ஒப்புதல் வழக்குக்கு எடுபடாது என்கிறது. பொலிசாரிடம் சொன்ன ஒப்புதலே செல்லாது என்று 25ஆம் பிரிவும் இருக்கிறது. ஆனால் 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சகரோ அதற்கு மேலானவரோ எடுத்த வாக்குமூலத்தை ஏற்றுக்கொள்ளலாம் என்றது. அத்தோடு நிற்கவில்லை. அது ஆசைகாட்டி வாங்கியது என்றால் அதை எதிரியே மெய்ப்பிக்க வேண்டும் என்று 16ஆம் பிரிவில் எழுதி வைத்தது. தடுப்பில் இருந்தவன் எப்படி மெய்ப்பிப்பான்? அறையில் இருந்தது மூன்று பேர். ஒருவர் மறுப்பவர், ஒருவர் அவன். மூன்றாவது ஆள் நான்.

அவனுடைய ஒப்புதலை ஏற்கலாமா என்று பார்க்கும் உண்மை விளம்பல் விசாரணை அன்று எனக்கு வேறு மன்றில் வேலை. அங்கே மொழிபெயர்த்த நண்பர் மத்தியானம் சாப்பிடும்போது சொன்னார்: "ஒரு தமிழ் ஐயா இருந்தவராம், அவரும் ஓம் எண்டவராம். பேர் தெரியாதாம்." நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். நான்தான் என்று சொல்லவில்லை. ஆட்களைக் கடத்திப் போகும் வெள்ளை வானுக்குப் பயந்த காலம். நீயும் தம்பியும் சின்னப் பிள்ளைகள். இவை காரணங்கள்தான், ஆனால் அவனுக்கு அவற்றால் என்ன பயன்? ஒப்புதல் ஏற்கப்பட்டது. ஏழு வருடம்.

அதனால்தான் ஆதாரத்தை எதிரியே கொண்டு வரட்டும் என்ற வரியை எங்கே கண்டாலும் எனக்கு அந்தப் பெடியனின் முகம் வருகிறது. வாக்குக் கொடுக்கும் அறையில் பேனை யார் கையில் இருக்கிறது? கோப்பு யாரிடம்? எழுதாமல் விடவும் எழுதியதை மறக்கவும் வசதி உள்ளவரிடம் காரணம் கேட்காமல், ஒன்றும் இல்லாதவனிடம் ஆதாரம் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

வேறு வழி இருக்கிறது. இந்தியாவில் 2024 வரை நடைமுறையில் இருந்த 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் கூட்டாளிக்கு மன்னிப்பு வழங்கிச் சாட்சியாக்குவது நீதிமன்றத்தின் வேலையாக இருந்தது. எல்லாவற்றையும் முழுமையாக, உண்மையாகச் சொல்ல வேண்டும் என்பது நிபந்தனை. அவர் நிபந்தனையை மீறிவிட்டார் என்று திரும்ப வழக்கு வைத்தால், 308ஆம் பிரிவின்படி நீதிமன்றமே அவரைக் கேட்க வேண்டியிருந்தது: நிபந்தனையை நிறைவேற்றினேன் என்கிறாயா? ஆம் என்றால், நிறைவேற்றவில்லை என்பதை வழக்குத்தொடுநர்தான் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. உனக்கு இது அந்நிய நாட்டுச் சட்டம், நீதிபதி முன் எடுபடாது. ஆனாலும் இப்படியும் ஒரு நாடு செய்யலாம் என்று உன் மனதில் இருக்கட்டும்.

இலங்கையில் 1979ஆம் ஆண்டு குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 256ஆம் பிரிவில் சட்டமா அதிபர் நிபந்தனையுடன் மன்னிப்புக் கொடுக்கலாம். புங்குடுதீவு மாணவி கொலை வழக்கு உனக்கு நினைவிருக்கும். 2017இல் யாழ்ப்பாணத்தில் மூன்று நீதிபதிகள் இருந்து விசாரித்தபோது, சந்தேக நபர்களில் ஒருவர் அரச சாட்சியாக வந்து சொன்னார். ஏழு பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அப்படிச் சாட்சிகள் தேவை. குற்றத்தின் உள்ளே இருந்தவன் வாய் திறக்காவிட்டால் சில வழக்குகள் ஒருநாளும் வெளிச்சத்துக்கு வராது. அதனால் வாக்குறுதியே கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்த வழக்கில் அரச சாட்சிக்கு என்ன கிடைத்தது, யார் கொடுத்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எதிரிகளின் சட்டத்தரணிகள் அதை வைத்தே அவரைக் குறுக்கு விசாரணை செய்யலாம்.

உங்கள் உச்ச நீதிமன்றமும் பழைய காலத்தில் இதை நன்றாகப் பிடித்திருக்கிறது. 1971இல் சாந்தொபெலோ வழக்கு. தண்டனை பற்றி ஒன்றும் பரிந்துரைக்க மாட்டேன் என்று ஒரு வழக்குத்தொடுநர் ஒத்துக்கொண்டார். தண்டனை நாளன்று வேறொருவர் வந்து, ஆகக் கூடிய ஒரு வருடத்தையும் கேட்டார், முன்னவரின் வாக்கு அவருக்குத் தெரியாது. அவர் சொன்னது என்னைப் பாதிக்கவில்லை என்று நீதிபதி சொல்லியும், உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை விடவில்லை, வழக்கைத் திருப்பி அனுப்பியது. அடுத்த வருடம் ஜிக்லியோ வழக்கு. சாட்சிக்கு வாக்குக் கொடுத்தவர் ஒருவர், யூரிமாருக்கு முன்னால் வாக்கே இல்லை என்று சொன்னவர் இன்னொருவர். ஒருவர் சொன்னது முழு அலுவலகமும் சொன்னது என்று தீர்ப்பு வந்தது. இரண்டையும் வாசித்தபோது மாற்றலாகிப் போன அந்த அதிகாரிதான் எனக்கு நினைவுக்கு வந்தார். ஆள் மாறலாம், அரசு மாறவில்லையே.

ஜிக்லியோவில் இன்னொன்றும் கவனி. அங்கே நியாயம் கிடைத்தது வாக்குப் பெற்ற சாட்சிக்கு அல்ல, அந்தச் சாட்சியால் மாட்டிக்கொண்டவருக்கு. உன் ஆளால் உள்ளே போன மூவருக்கும் பெற்றோர் இருப்பார்கள். உதவி எவ்வளவு என்பதற்குத்தான் தள்ளுபடி என்றால், பயந்தவன் இல்லாததையும் சேர்த்துச் சொல்வான். நீதிபதி வாக்குறுதியைத் திறந்து பார்க்க வேண்டும் என்று நான் கேட்பது அவர்களுக்காகவும்தான். உன் ஆள் எதையாவது மறைத்தாரா என்று நீயும் நேர்மையாகக் கேள். மறைத்திருந்தால் அரச தரப்பின் கோபத்தில் நியாயம் உண்டு, அதை நீ ஒத்துக்கொள்ள வேண்டும்.

இப்படி நீதிபதிமார் நோண்டினால் வழக்குத்தொடுநர்கள் வாக்குக் கொடுப்பதையே நிறுத்திவிடுவார்கள் என்று உன் பெரிய சட்டத்தரணி சொன்னதாய்ச் சொன்னாய். எனக்கு நம்பிக்கையில்லை. சாட்சி இல்லாமல் அவர்களால் வழக்கு நடத்த முடியாது, கொடுக்கத்தான் செய்வார்கள். கொடுக்கும்போது கவனமாக எழுதுவார்கள், அவ்வளவுதான்.

உன்னிடம் ஒரு வேலை சொல்கிறேன். உன் ஆளுக்கு ஸ்பானிய மொழிதான் தெரியும் என்றாய். பெரிய சட்டத்தரணி எல்லாச் சந்திப்பிலும் இருக்கவில்லை என்றும் சொன்னாய். அப்படியானால் அந்த அறையில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்திருப்பார். அவர் யார் என்று கண்டுபிடி. இரகசியம் காக்க வேண்டியவர்தான், தானாக வாய் திறக்க மாட்டார், பயமும் இருக்கும். அவரைக் கோபிக்காதே. நீதிபதி கட்டளையிட்டு அழைத்தால் அவர் பதில் சொல்லலாம். 'மனுப் போடுவோம்' என்று சொன்னார்களா, 'போடலாம்' என்று சொன்னார்களா என்று மட்டும் கேட்கச் செய். ஸ்பானிய மொழியில் அது எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பது அவருக்குத்தான் தெரியும்.

அந்தப் பெடியன் இப்போது பெடியன் இல்லை. புதுக்குடியிருப்புப் பக்கம் மேசன் வேலை செய்கிறார், கலியாணம் கட்டி ஒரு பெண் குழந்தை. விலாசம் விசாரித்து எடுத்துவிட்டேன். அன்று அறையில் நடந்ததை எல்லாம் சத்தியக்கடதாசியாக எழுதி, சமாதான நீதவான் முன்னால் நேற்றுக் கையெழுத்து வைத்தேன். தலையாட்டியதையும் எழுதியிருக்கிறேன். தண்டனை முடிந்துவிட்டது, சட்டத்தில் இனி இதற்கு என்ன பயன் என்று அவரே ஒரு சட்டத்தரணியிடம் கேட்கட்டும். அம்மாவுக்கு இன்றிரவு சொல்லப் போகிறேன். நாளை காலை பரந்தன் போய், அங்கிருந்து புதுக்குடியிருப்புக்குப் பஸ் எடுப்பேன்.

அன்புடன்,
அப்பா