ஒப்புதல் தந்தது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

துணை நிறுவனத்தின் தவறுக்கு, அதன் பெரும்பான்மைப் பங்கை வைத்திருக்கும் தாய் நிறுவனத்தை இழுப்பது நியாயமில்லை என்று உங்கள் நாளிதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அப்படியொரு துணை நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பத்தொன்பது ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான்.

பெயருக்கு எங்களுக்கும் தனி இயக்குநர் குழு உண்டு. ஆனால் பழுதான பம்பு ஒன்றை மாற்றக்கூடத் தாய் நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வர வேண்டும். கழிவுநீர்த் தொட்டியைச் செப்பனிடப் பணம் கேட்டு நானே மூன்று முறை கோப்பு அனுப்பினேன். மூன்று முறையும் ‘அடுத்த ஆண்டு பார்க்கலாம்’ என்றுதான் பதில். தொட்டி கசிந்து புகார் கிளம்பியதும், ‘அது தனி நிறுவனம், அதன் நிர்வாகத்தில் நாங்கள் தலையிடுவதில்லை’ என்று கடிதம் கொடுத்தார்கள். எங்கள் லாபத்தை ஒருங்கிணைந்த கணக்கில் சேர்த்துக் காட்டும்போது மட்டும் நாங்கள் தனி இல்லை போலும்.

நிறுவனம் வேறு, பங்குதாரர் வேறு, நிறுவனத்தின் கடனுக்குப் பங்குதாரர் பொறுப்பில்லை என்பது 1897-இல், அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை சாலமன் வழக்கில் சொன்னது. சரி, நூறு பங்கு வாங்கிய சிறு முதலீட்டாளருக்கு அந்தக் காப்பு வேண்டும். ஒவ்வொரு செலவுக்கும் அனுமதி தரும் நிறுவனத்துக்கும் அதே காப்பு எதற்கு? போபால் ஆலையை நடத்திய இந்திய நிறுவனத்தில் அமெரிக்க யூனியன் கார்பைடுக்கு 50.9 சதவீதப் பங்கு இருந்தது. 1984 விஷவாயுக் கசிவுக்குப் பிறகு அவர்களும் ‘அது தனி நிறுவனம்’ என்றே வாதிட்டார்கள்.

சாம்பியாவில் தாமிரச் சுரங்கக் கழிவால் தங்கள் நீரும் நிலமும் கெட்டதாக 1,826 பேர், பிரிட்டனில் பதிவான வேதாந்தா சுரங்க நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார்கள். சுரங்கம் அதன் துணை நிறுவனத்துடையது. ஆனாலும் தாய் நிறுவனத்தின் மீதான வழக்கை லண்டனிலேயே நடத்தலாம் என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது. துணை நிறுவனங்களின் சுற்றுச்சூழல் தரத்தைத் தாங்களே மேற்பார்வையிடுவதாகத் தாய் நிறுவனம் வெளியிட்ட அறிக்கைகளே அதற்கு எதிராக நின்றன. (பளபளப்பான தாளில் பெருமையாக அச்சிட்டிருப்பார்கள்.) ஆனால் 2021-இல் சமரசத்தில் முடிந்ததால், பொறுப்பு யாருடையது என்பதற்குத் தீர்ப்பு வரவேயில்லை.

அச்சிட்ட அறிக்கை எல்லோர் கைக்கும் கிடைக்கும். ஒப்புதல் கோப்பு கிடைக்காது. ஆகவே இத்தகைய வழக்குகளில், முடிவெடுத்தது யார் என்று பாதிக்கப்பட்டவரை நிரூபிக்கச் சொல்வதற்கு முன், அந்தக் கோப்புகளைத் தாய் நிறுவனம் நீதிமன்றத்தில் வைக்க வேண்டும் என்று சட்டம் வரட்டும். என் மூன்று கோப்புகளுக்கும் நகல் என்னிடம் இல்லை. ஓய்வு பெற்ற அன்று சாவியோடு சேர்த்து ஒப்படைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணக்கு அலுவலர்