எலி ஒழிப்புப் பணியுடன் உண்ணிக் கட்டுப்பாட்டையும் இணைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
காட்டோரக் குடியிருப்புகளில் வசிப்போர்

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
பொது சுகாதாரத் துறை

பொருள்: உண்ணிகளாலும் காட்டு எலிகளாலும் நிலைத்து வரும் பாக்டீரியாக் காய்ச்சல்கள் – கட்டுப்பாட்டு முறையை மாற்றி அமைக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். காட்டையும் புல்வெளியையும் ஒட்டிய குடியிருப்புகளில் காய்ச்சல் பரவினால், எலிகளுக்கு நஞ்சு வைப்பதோடு நடவடிக்கை முடிந்துவிடுகிறது. எலி குறைந்தால் நோயும் குறையும் என்ற கணக்கு உண்ணிவழிப் பரவும் நோய்களுக்கு அப்படியே பொருந்தாது என்பதைத் தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டுவருகிறோம்.

உண்ணிக் கடியால் மனிதருக்கு வரும் லைம் நோயைப் பொறுத்தவரை, முட்டையிலிருந்து வெளிவரும் உண்ணிக் குஞ்சிடம் அதற்குக் காரணமான பொரேலியா கிருமி அநேகமாக இருப்பதில்லை. வட அமெரிக்காவில் வெண்பாத எலி போன்ற சிற்றெலிகளிடம் முதன்முறையாக இரத்தம் குடிக்கும்போதுதான் குஞ்சு அக்கிருமியைப் பெறுகிறது. எலியோ பெரிதாக நோயுறாமல் மாதக்கணக்கில் கிருமியைச் சுமந்து திரிகிறது. குஞ்சு தோலுரித்து, கசகசா அளவேயான இளம் உண்ணியாகி, மறு ஆண்டு கோடையின் தொடக்கத்தில் புதிதாகப் பிறந்த எலிகளைக் கடித்துக் கிருமியைக் கொடுக்கிறது; கோடையின் பிற்பகுதியில் வரும் புதுக் குஞ்சுகள் அதே எலிகளிடமிருந்து அதைப் பெற்றுக்கொள்கின்றன. இவ்வாறு உண்ணியின் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்கு எலியின் உடல் வழியாகவே நோய் கைமாறுகிறது. மான்கள் வளர்ந்த உண்ணிகளுக்கு இரத்தம் தருகின்றனவே தவிர, இக்கிருமியைப் பரப்புவதில்லை. மனிதர் இதில் தற்செயலாகச் சிக்கிக்கொள்பவர் மட்டுமே.

உண்ணிவழிப் பரவும் வேறு சில காய்ச்சல்களுக்குக் காரணமான ரிக்கெட்சியா வகைக் கிருமிகள் தாய் உண்ணியின் முட்டை வழியாகவும் குஞ்சுகளுக்குச் செல்கின்றன என்பதால், எலிகள் குறைந்த ஆண்டிலும் நோய் அற்றுப்போவதில்லை. விட்டுவிட்டுத் திரும்ப வரும் மீள்காய்ச்சலைப் பரப்பும், முதுகில் கடின ஓடில்லாத மென்னுண்ணிகளைப் பற்றியே எங்களுக்குக் கூடுதல் கவலை. அவை எலி வளைகளிலும், எலி கூடு கட்டிய சுவர் இடுக்குகளிலும் ஒளிந்திருந்து, இரவில் சில நிமிடங்கள் மட்டும் இரத்தம் குடித்துவிட்டு மறைந்துவிடும்; கடிபட்டவருக்கே பெரும்பாலும் தெரியாது. இரத்தமின்றி ஆண்டுக்கணக்கில் உயிர்வாழவும் வல்லவை. கூட்டிலுள்ள எலிகளை மட்டும் கொன்றால், பசித்த இந்த உண்ணிகள் அருகில் உறங்கும் மனிதரைத் தேடி வரும். நஞ்சு வைப்பதை மட்டும் நம்ப வேண்டாம் என்று நாங்கள் கூறுவதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

ஆகவே, நஞ்சு வைக்கும் முன் எலிகளைப் பொறிவைத்துப் பிடித்து, அவற்றின் காதோரங்களில் ஒட்டியிருக்கும் உண்ணிகளைச் சேகரித்தும், வெள்ளைத் துணியைப் புல்மீது இழுத்துத் தொற்றும் உண்ணிகளைத் திரட்டியும் ஆய்வகத்திற்கு அனுப்ப ஆணையிடுமாறு வேண்டுகிறோம். வளைகளிலும் கூடுகளிலும் உண்ணிக்கொல்லி தெளித்த பிறகே எலிகளை அகற்ற வேண்டும். வீடுகளில் எலி நுழையும் துளைகளையும் உடன் அடைக்க வேண்டும். பெர்மெத்ரின் என்னும் பூச்சிக்கொல்லி தோய்த்த பஞ்சை எலிகள் கூட்டுக்கு எடுத்துச் செல்லுமாறு வைக்கும் முறை எல்லா இடங்களிலும் ஒரே பலனைத் தரவில்லை என்பதால், அதைச் சோதனை அளவில் மேற்கொண்டால் போதும்.

காய்ச்சலுடன் வருவோரிடம் புல்வெளிக்கோ காட்டுக்கோ சென்றார்களா என்று தவறாமல் கேட்குமாறு மருத்துவர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பவும் கோருகிறோம். ரிக்கெட்சியா நோயின் முதல் வாரத்தில் கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள் இரத்தப் பரிசோதனையில் தென்படாமல் போகலாம். எனவே வலுவான ஐயம் இருப்பின், குழந்தைகளுக்கும்கூட, பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் டாக்சிசைக்ளின் என்னும் பாக்டீரியா எதிர்ப்பு மருந்தைத் தொடங்க வேண்டியுள்ளது. கடித்திருக்கும் உண்ணியைச் சூடு வைத்தோ எண்ணெய் தடவியோ எடுக்காமல், நுண்முனைக் கிடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுக்கும் முறையைச் சுகாதாரப் பணியாளர்கள் வீடுதோறும் செய்துகாட்டினால் நன்று.

இளம் உண்ணிகள் பெருகும் அடுத்த பருவத்திற்கு முன்பாக இப்பணிகளைத் தொடங்கவும், ஆய்வக முடிவுகளை அந்தந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கவும் ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
காட்டோரக் குடியிருப்புகளில் வசிப்போர்