நடு வரிசையில் நிற்கிற மகனுக்கு

கண்ணா,

உன் வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். பதினோரு நிமிஷம், அதில் எட்டு நிமிஷம் புலம்பல். ஓடைப் பள்ளத்தாக்குகளில் கயிறு கட்டி இறங்கி நீந்திப் போகிற கேன்யனிங் கிளப்பில் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது, உன்னோடு சேர்ந்தவள் போன மாதமே முதல் ஆளாக இறங்க ஆரம்பித்துவிட்டாள், உன்னை மட்டும் இன்னும் நடு வரிசையிலேயே வைத்திருக்கிறார்கள். அதுதானே விஷயம்? போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நானும் சும்மா இருக்க மாட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

"வி4 வரைக்கும் முடிச்சிட்டேன்" என்றாய். சரி, ஏ எத்தனை? அதைச் சொல்லவே இல்லையே. ஒரு பள்ளத்தாக்கு எவ்வளவு கடினம் என்று சொல்கிற அந்தப் பிரெஞ்சு அளவுமுறையில் வி என்பது செங்குத்தும் கயிற்று வேலையும், ஏ என்பது தண்ணீர். இரண்டும் 1 முதல் 7 வரை. அப்புறம் ஒரு ரோமன் எண், ஆறு வரைக்கும் போகும். உள்ளே போனால் எவ்வளவு நேரம் ஆகும், வெள்ளம் வந்தால் ஏறி நிற்க இடம் இருக்கிறதா, பாதியில் வெளியேற வழி உண்டா என்பதையெல்லாம் அது சொல்கிறது. நீங்கள் எல்லோரும் வி-யை மட்டும் பரீட்சை மார்க் மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறீர்கள். வறண்ட பாறையில் ஐம்பது மீட்டர் இறங்கினவன், பத்தே மீட்டர் அருவியின் நடுவில் மூச்சு முட்டி நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

அதுவும் போக, அந்த வி4-ஐ நீ யாரோ கட்டின கயிற்றில், யாரோ அளந்துவிட்ட நீளத்தில், யாரோ ஆழம் பார்த்துச் சொன்ன மடுவில் இறங்கியிருக்கிறாய். தப்பே இல்லை, நானும் முதல் இரண்டு வருஷம் அப்படித்தான். ஆனால் அது சுற்றிப் பார்த்த கணக்கு, கற்றுக்கொண்ட கணக்கில் சேராது.

முதல் ஆள் என்றால் என்ன என்று யோசித்துப் பார். கயிறு தண்ணீரைத் தொடுகிறதா என்று மேலிருந்து பல இடங்களில் தெரியாது. இறங்கிக்கொண்டே பார்க்க வேண்டும், அருவி இரைச்சலில் குரல் எடுபடாது, விசிலில்தான் பேச வேண்டும். கீழே போனதும் சுழல் எந்தப் பக்கம் இழுக்கிறது, முங்கிய மரம் ஏதாவது கிடக்கிறதா, அடுத்து வருபவர் எந்தத் திசையில் நீந்த வேண்டும் என்று பார்க்க வேண்டும். போன வருஷம் தலைகீழாகப் போனாலும் அடி தெரியாத மடு ஒரு வெள்ளத்தில் கூழாங்கல் ரொம்பி இந்த வருஷம் முழங்கால் ஆழத்தில் கிடக்கும். மேலே நிற்கிறவனுக்கு இரண்டும் ஒரே பச்சையாகத்தான் தெரியும். குதித்துக் கணுக்கால் உடைகிற கதைகளில் பாதி இதுதான்.

கடைசி ஆளின் வேலையை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. எனக்கு அதுதான் கஷ்டமான இடம். மற்றவர்கள் இறங்கும்வரை இருந்த கூடுதல் பாதுகாப்பைக் கழற்றிவிட்டு, கயிறு கீழிருந்து இழுத்தால் வருமா என்று சோதித்துவிட்டு, அதில் தனியாக இறங்க வேண்டும். பார்த்துச் சொல்ல மேலே யாரும் இருக்க மாட்டார்கள். கயிற்றை உருவியபின் திரும்பிப் போகவும் வழியில்லை.

இந்த இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் பார்க்கக் கிடைக்கிற இடம் நடு வரிசை. நீ அங்கே நின்றுகொண்டு ஹெல்மெட் கேமராவைச் சரிசெய்கிறாய் என்று நீ அனுப்பிய வீடியோவிலேயே தெரிகிறது.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நான் சீக்கிரமே முதல் ஆள் ஆனவள். கிளப்பில் ஆள் பற்றாக்குறை, எனக்கும் வாய் அதிகம். அப்படி இறங்க ஆரம்பித்த மூன்றாவதோ நான்காவதோ தடவை, நல்ல தண்ணீர் ஓடுகிற ஒரு அருவியில், கயிறு தண்ணீரைத் தொட்டதும் நிறுத்தச் சொல்லி விசில் அடிக்க வேண்டியவள், கொஞ்சம் கூட இருந்தால் நல்லதுதானே என்று இன்னும் மூன்று மீட்டர் விடச் சொன்னேன். காய்ந்த பாறையில் பழகின புத்தி அது, அங்கே கயிறு குறைந்தால்தான் ஆபத்து. ஓடுகிற தண்ணீரில் அப்படியில்லை. கயிற்று முனை தண்ணீர் மட்டத்தோடு முடிய வேண்டும், முனையில் முடிச்சும் இருக்கக் கூடாது, இறங்கினவர் அப்படியே நழுவி நீந்திப் போக வேண்டும். நான் விட்ட மூன்று மீட்டரும் வெள்ளை நுரைக்குள் வளையம் வளையமாகச் சுழன்றுகொண்டிருந்தது. அடுத்து வந்த தோழியின் காலில் ஒரு வளையம் விழுந்தது, நீரோட்டம் இழுக்க இறுகிவிட்டது. அருவி நேராக அவள் தோளில் கொட்டுகிறது. ஆங்கரில், அதாவது பாறையில் கயிற்றைப் பிணைக்கிற இடத்தில், கயிற்றை இளக்கிவிடுகிற மாதிரி கட்டியிருந்தால் மேலிருந்தவர் இறக்கிவிட்டிருப்பார், நீளம் விட்டதும் அசையாதபடி கட்டிவிடுங்கள் என்று அவசரத்தில் நானே சொல்லிவிட்டுத்தான் இறங்கியிருந்தேன்.

அவளே கத்தியை எடுத்தாள். மேலே இழுபட்டு நிற்கிற கயிற்றைத் தொடாமல், கையால் தடவித் தடவிப் போய் காலுக்குக் கீழே இருந்ததை மட்டும் அறுத்தாள். முழுக்க ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. கிளப் நீச்சல் குளத்தில் எங்களைக் கயிற்றில் சிக்கவைத்து, கண்ணை மூடச் சொல்லி, கத்தி இருக்கிற இடத்தைத் தடவி எடுக்கவைப்பார்கள். நான் அதைப் பிள்ளை விளையாட்டு என்று நினைத்து இரண்டு வாரம் போகாமல் இருந்தேன். அவள் ஒரு வாரம்கூட விட்டதில்லை.

அதற்குப்பின் என்னை ஆறு மாதம் நடு வரிசையில் போட்டார்கள். உன்னைப் போலத்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன், கிளப்பையே விட்டுவிடலாம் என்றுகூட இருந்தேன். உன் அப்பாவைக் கேள், அவருக்கு அந்த ஆறு மாதம் நன்றாக நினைவிருக்கும். மூன்றாவது மாதம் வேறு வேலை இல்லாமல்தான் முன்னால் போகிறவரின் கையைப் பார்க்க ஆரம்பித்தேன். ஆங்கருக்கு வந்ததும் அவர் எதையும் தொடுவதற்கு முன், நானாக இருந்தால் எப்படிக் கட்டுவேன், எத்தனை மீட்டர் விடுவேன் என்று மனதுக்குள் முடிவு செய்துகொள்வேன். அப்புறம் அவர் செய்வதோடு ஒப்பிடுவேன். ஆரம்பத்தில் பாதிக்கு மேல் தப்பு. அதிலும் எல்லாம் ஒரே மாதிரித் தப்பு, எப்போதும் கயிற்றை அதிகமாக விடுகிற தப்பு.

இதைச் செய்து பார். கதவுக் கைப்பிடியில், பாரம் தொங்கும்போதே அவிழ்க்கக்கூடிய அந்த மியூல் முடிச்சு போட்டுப் பழகுகிறாய் என்றாய், நல்லது. இனிமேல் ஈரமான கையுறை போட்டுக்கொண்டு, கையைக் குளிர்ந்த தண்ணீரில் முக்கி எடுத்துவிட்டுப் போடு. உடம்புச் சூட்டைத் தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக இழுக்கும். குளிர் தாங்கப் போடுகிற வெட்சூட் இருந்தாலும் நாலு மணி நேரம் கழித்து விரல் உன் பேச்சைக் கேட்காது. கயிற்றில் இறங்குவதிலிருந்து ஏறுவதற்கு மாறுவது, மாட்டிக்கொண்டவரை மேலிருந்து இறக்குவது, இரண்டையும் தொங்கிக்கொண்டே எவ்வளவு நேரத்தில் செய்கிறாய் என்று யாரையாவது கடிகாரம் பார்க்கச் சொல்.

இன்னொரு புலம்பலும் இருந்ததே, அங்கே வெயில் அடிக்கும்போதே பயணத்தை ரத்து செய்துவிட்டார்கள் என்று. சுவிட்சர்லாந்தில் சாக்ஸட்டன்பாக் என்ற ஓடையில் 1999 ஜூலை 27 அன்று 21 பேர் இறந்தார்கள், அதில் மூன்று பேர் வழிகாட்டிகள். மேலே எங்கோ பெய்த மழை, கீழே பள்ளத்தாக்கில் சுவர் மாதிரி வந்தது. மேல்பகுதியில் மேகம் திரளுகிறது என்று வண்டியைத் திருப்பச் சொன்ன உங்கள் லீடரை நான் பார்த்ததில்லை, ஆனால் எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அன்றைக்கு நீயும் வண்டிக்குள் உட்கார்ந்து முனகாமல், எந்த முன்னறிவிப்பைப் பார்த்தார், நீர்ப்பிடிப்புப் பகுதி எவ்வளவு பெரியது என்று கேட்டிருக்கலாம்.

சரி, ரொம்ப எழுதிவிட்டேன், நீ இதைப் பாதி படித்துவிட்டு அப்புறம் படிக்கலாம் என்று வைப்பாய், தெரியும். அடுத்த பயணத்தில் முதல் ஆளாக விடுங்கள் என்று கேட்காதே. ஏ குறைந்த ஒரு சின்ன இறக்கத்தில் கடைசி ஆளாக நிற்கிறேன், பக்கத்தில் ஒருவர் நின்று பார்க்கட்டும் என்று கேள். எல்லோரும் இறங்கி அவரும் போனபின் அந்த ஆங்கரில் நீ என்ன செய்தாய், எதை எந்த வரிசையில் கழற்றினாய் என்று எனக்கு எழுது. வாய்ஸ் மெசேஜ் வேண்டாம்.

அம்மா