எல்ல இறக்கத்தில் ஓடும் மகனுக்கு

கோண்டாவில்,
ஞாயிறு காலை.

அன்புள்ள தம்பிக்கு,

எல்லயிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் மலை வீதியில், இராவணன் நீர்வீழ்ச்சிக்குக் கிட்டவுள்ள முடக்கொன்றில் உன் மோட்டார் சைக்கிளின் பின்சில்லு வழுக்கியதாக நீ சொன்னதை அம்மா அன்றிரவே என்னிடம் சொல்லிவிட்டாள். அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று நீ கேட்டுக்கொண்டதையும் சேர்த்தே சொன்னாள். ஏசுவதற்காக நான் இதை எழுதவில்லை. தொலைபேசியில் சொன்னால் "ஓமப்பா, ஓமப்பா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாய்.

பாதி முடக்கில் எதிரே பஸ்ஸைக் கண்டு அக்சிலேற்றரை ஒரேயடியாக மூடினாய் என்றாளே, காரணம் அதுதான். சாய்ந்து திரும்பும்போது ரயர்களுக்கு வீதியிலுள்ள பிடியின் பெரும்பங்கைத் திரும்புவதே எடுத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் சட்டென்று மூடினால் எஞ்சின் பின்சில்லை மட்டும் பிடித்து இழுக்கும். பாரமோ முன்னே சரிந்து முன் ஸ்பிரிங்குகளை அமுக்கும். பாரம் குறைந்துபோன சில்லிடமே நீ கூடுதல் வேலை வாங்குகிறாய். இரண்டாம் கியரில், ஈரமான வீதியில், அது வழுக்காமல் இருந்தால்தான் அதிசயம். பதறி மறுபடி முறுக்காமல் விட்டாயே, அந்த மட்டில் நல்லது.

ஆகவே வேகத்தைக் குறைப்பதும் கியரை மாற்றுவதும் முடக்குக்கு முன்னே, சைக்கிள் நிமிர்ந்து நிற்கும்போதே முடிந்துவிட வேண்டும். சாயத் தொடங்கியதும் அக்சிலேற்றரை மயிரிழை அளவு திறந்து, முடக்கு முடியும்வரை அதை ஒரே சீராகக் கூட்டிக்கொண்டு போ என்பதே 1980இல் அமெரிக்காவில் மோட்டார் சைக்கிள் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி தொடங்கிய கீத் கோட் கற்பிக்கும் விதி. அப்படித் திறந்தால் பாரத்தில் ஏறக்குறைய 40 வீதம் முன்சில்லிலும் 60 வீதம் பின்சில்லிலும் அமரும் என்பது அவருடைய கணக்கு. விதி சரிதான், ஆனால் அவர் பந்தயத் திடலில் கற்பிப்பவர், அங்கே எதிரே பஸ் வராது. மலை இறக்கத்தில் உனக்குக் கூட்டுவது தேவையில்லை, எஞ்சின் இழுக்கவும் தள்ளவும் செய்யாத அளவில் பிடித்துக்கொண்டால் போதும் என்பேன். அதற்கு, மூட வேண்டிய தேவையே வராத வேகத்தில் முடக்குக்குள் புகவேண்டும். பலாலி வீதியில் பழகிய உன் கைக்குத் திறப்பதும் மூடுவதும் மட்டுமே தெரியும், நடுவில் நிறுத்திப் பிடிக்கத் தெரியாது. அது உன் குற்றமன்று. இந்த யாழ்ப்பாண மண்ணில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை.

என் கைக்கு அந்தப் பழக்கம் வந்த விதத்தை நீ கேட்டால் சிரிப்பாய். 1990களில், பெற்றோல் வராத காலத்தில், என் எம்.டி. 90 மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. சிறு போத்தலில் பொத்திப் பொத்தி வைத்த பெற்றோலில் சில துளிகளை விட்டு உதைத்து, எஞ்சின் சூடேறிய பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். அந்த எஞ்சின் அவசரத்தைப் பொறுக்காது. சட்டென்று முறுக்கினால் இருமி, புகை கக்கி, நின்றுவிடும். நின்றால் மறுபடியும் அந்தப் போத்தலைத் தொடவேண்டும். அந்தக் கருமித்தனத்தில்தான் என் மணிக்கட்டு மெல்லத் திருகப் பழகியது. உன் அப்பம்மா பெரியாஸ்பத்திரியில் இருந்த நாட்களில், அம்மா மடியில் இரசம் நிறைந்த தூக்குச்சட்டியோடு பின்னால் இருப்பாள். மணல் குவிந்த ஒழுங்கை முடக்குகளில் சேலையில் இரசம் பட்டதா என்பதுதான் எனக்குப் பரீட்சை. முதல் கிழமை பட்டது. என்ன சொன்னாள் என்பதை அவளிடமே கேள்.

கைப்பிடியை இறுக்கிப் பிடியாதே. தாங்கியை முழங்கால்களால் பிடித்து, முழங்கைகளைத் தளர்த்தினால், பள்ளத்தில் விழும்போது உடம்பு குலுங்கினாலும் அக்சிலேற்றர் குலுங்காது.

இன்னொன்று, கை எவ்வளவு மெதுவானாலும் கேபிளும் செயினும் தளர்ந்திருந்தால் சைக்கிள் உதறும். அக்சிலேற்றர் கைப்பிடியின் விளிம்பில் வெறுமனே திரும்பும் தூரம் 2 முதல் 6 மில்லிமீற்றருக்குள் இருக்கட்டும். செயினின் தளர்வை உன் சைக்கிளின் கைநூலில் உள்ளபடி வைத்துக்கொள். போன முறை நீ இங்கே விட்டுச்சென்ற நாட்களில் அந்தச் செயின் தொங்கியதைக் கண்டேன். இறுக்கிவிடச் சொல்ல நினைத்து மறந்தது என் பிழை.

வருகிற ஞாயிறு, மழை இல்லாவிட்டால், பஸ்கள் நிறையத் தொடங்குமுன் அதே முடக்குக்குப் போ. முதலில் ஏற்றமாக இரண்டு தரம், பிறகு இறக்கமாக இரண்டு தரம் ஓடிப்பார். எந்தக் கியரில் புகுந்தாய், எந்த இடத்தில் கை தானாக மூடப்பார்த்தது என்பதை எனக்கு எழுது. இந்த முறை அம்மாவிடம் சொல்லி அனுப்பாதே.

அன்புடன்,
அப்பா