சிலிண்டரை எண்ணுவதை விட்டு எடையைப் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சூப்பர் கார்களின் எஞ்சின்கள் சிறுத்துக்கொண்டே போவது குறித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரையையும், அதையொட்டி வெளியான வாசகர் கடிதங்களையும் படித்தேன். ஃபெராரி 296 ஜிடிபியில் இருப்பது 3 லிட்டர் வி6 எஞ்சின், அதாவது வி வடிவில் ஆறே சிலிண்டர்கள் கொண்ட எஞ்சின் என்பதையே ஓர் இழுக்காக ஒரு தரப்பார் எழுதியிருந்தார்கள். மின் மோட்டாரையும் சேர்த்து அது தரும் 830 குதிரைத்திறனைக் காட்டி மறு தரப்பார் அவர்களை மடக்கியிருந்தார்கள். நான் நாமக்கல்லில் முப்பது ஆண்டுகளாக லாரி டர்போக்களை, அதாவது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் கருவிகளை, கழற்றி மாட்டிப் பிழைப்பவன். அத்தகைய கார் எதையும் ஓட்டியதில்லை, இனி ஓட்டப்போவதும் இல்லை. ஆயினும், இரு தரப்பாரும் தொடாமல் விட்ட விஷயம்தான் முக்கியமானது என்று எனக்குப் படுவதால் இதை எழுதுகிறேன்.

முதலில், சிறிய எஞ்சின் ஃபெராரிக்குப் புதிதன்று. 2 லிட்டரைத் தாண்டிய கார்களுக்கு இத்தாலி 38 சதவீதம் மதிப்புக் கூட்டு வரி விதித்த காலத்தில், அந்த வரம்புக்குள் அடங்கும்படி 2 லிட்டர் வி8 எஞ்சினைக் கொண்ட 208 என்ற காரை ஃபெராரி தன் நாட்டுச் சந்தைக்காகவே செய்தது. அதில் வேகம் போதவில்லை என்று 1982ஆம் ஆண்டில் டர்போவைப் பூட்டியது. 1987இல் வந்த எஃப்40 காரை இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடாத ரசிகர் இல்லை. அதன் இரட்டை டர்போ வி8 எஞ்சினின் கொள்ளளவு 2,936 சிசி (1,000 சிசி ஒரு லிட்டர்). இழுக்கு என்று சொல்லப்படும் 296இன் கொள்ளளவு 2,992 சிசி. சிலிண்டர் இரண்டு குறைந்ததே தவிர, எஞ்சின் சிறுக்கவில்லை, ஒரு கைப்பிடி பெருத்திருக்கிறது.

இந்தச் சண்டை இதற்கு முன்பும் ஒருமுறை, இதைவிட மும்முரமாக நடந்திருக்கிறது. 1988ஆம் ஆண்டு பர்மிங்காம் மோட்டார் கண்காட்சியில் ஜாகுவார் நிறுவனம் எக்ஸ்ஜே220 என்ற மாதிரிக் காரை நிறுத்தியபோது அதற்குள் இருந்தது வி12 எஞ்சின். நான்கு சக்கரங்களுக்கும் இழுவிசை உண்டு என்றார்கள். அதை நம்பி 50,000 பவுண்டு முன்பணம் கட்டியவர்களின் கைக்கு 1992இல் வந்து சேர்ந்ததோ, பின்சக்கரங்களை மட்டும் இயக்கும் 3.5 லிட்டர் வி6 இரட்டை டர்போ வண்டி. அதன் எஞ்சினுக்கு மூலம் மெட்ரோ 6ஆர்4 என்ற ராலிக் காரின் எஞ்சின். பலர் பின்வாங்கினார்கள், விவகாரம் வழக்குமன்றம் வரை போனது. அந்த வி6 தந்த 542 குதிரைத்திறன் அந்தக் காரை அக்காலத்தின் மிக வேகமான தயாரிப்புக் கார்களின் வரிசையில் முன்னால் நிறுத்தியது என்பதை எவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இடையில் பொருளாதாரம் சரிந்து, வாங்கிய விலைக்கு மேல் விற்றுவிடலாம் என்ற கணக்கு பொய்த்துப்போனதும் அந்தக் கோபத்தில் பாதிக்கு மேல் கலந்திருந்தது என்பது என் ஐயம். பழி என்னவோ சிலிண்டர்களின் மேல் விழுந்தது.

டர்போவின் மேல் சொல்லப்படும் குறைகளில் நியாயமானது ஒன்றுதான்: மிதித்தவுடன் வராமல், நின்று வருவது. லாரிகளுக்கு டர்போ வந்த புதிதில், சேலத்திலிருந்து தருமபுரி நோக்கித் தொப்பூர் கணவாய் ஏறும் பழைய ஓட்டுநர்கள் என்னிடம் சொன்ன புகாரும் இதுவே. கியரை மாற்றியதும் வண்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, பிறகு திடீரென்று பிடித்துத் தள்ளுகிறது என்பார்கள். ஒருவர் டர்போவைக் கழற்றிவிட்டுப் பழையபடி ஓட்ட முடியாதா என்றுகூடக் கேட்டார். காரணம் எளியது. டர்போவின் சக்கரத்தைச் சுழற்றுவது எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை. சுற்று குறைவாக இருக்கும்போது புகையும் குறைவு, ஆகவே அதற்கு வேகம் எடுக்கச் சிறிது நேரம் பிடிக்கிறது. மின் மோட்டாருக்கு அந்தக் காத்திருப்பு கிடையாது, நின்ற நிலையிலேயே முழு முறுக்குவிசையையும் தந்துவிடும். 296இல் எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவே அமர்ந்திருக்கும் 167 குதிரைத்திறன் மோட்டார், டர்போ மூச்சுவிடத் தொடங்கும் வரை உள்ள அந்த இடைவெளியை நிரப்புகிறது. டர்போவுக்கு நாற்பது ஆண்டுகளாக இருந்துவந்த நோய்க்கு இப்போதுதான் மருந்து கிடைத்திருக்கிறது என்றே நான் சொல்வேன். டர்போவை வெறுப்பவர்கள் வரவேற்க வேண்டிய சேர்க்கையையே அவர்கள் அதிகம் திட்டுகிறார்கள்.

ஒலியைப் பற்றிய வருத்தத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன், ஏனென்றால் அது காதுக்கு மட்டுமன்றிக் கணக்குக்கும் எட்டும் விஷயம். நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கிறது. நிமிடத்துக்கு 8,000 சுற்றில் வி12 எஞ்சின் நொடிக்கு 800 முறையும், வி6 எஞ்சின் 400 முறையும் வெடிக்கும். சரிபாதி என்றால் சங்கீதக் கணக்கில் ஒரு ஸ்தாயி கீழே, ஸ்வரம் மாறவில்லை. 296இன் சிலிண்டர் வரிசைகளுக்கு இடையில் 120 பாகை விட்டு வெடிப்புகளைச் சீராக இறைத்திருப்பதால்தான் ஃபெராரியின் மரனெல்லோ தொழிற்சாலைக்குள் அந்த எஞ்சினைக் குட்டி வி12 என்னும் பொருளில் ‘பிக்கோலோ வி12’ என்று அழைத்தார்கள். லம்போர்கினியின் வழி வேறு. ஹுராக்கானின் வி10 எஞ்சின் 8,000 சுற்றில் நொடிக்கு ஏறத்தாழ 667 முறை வெடித்தது. அதற்குப் பதிலாக 2024இல் அறிமுகமான டெமராரியோவின் 4 லிட்டர் வி8 இரட்டை டர்போ எஞ்சின் 10,000 சுற்று வரை போகிறது. அங்கே கணக்கிட்டால் அதே 667. சுருதியை விடாமல் பிடித்துக்கொள்ள அவர்கள் பட்ட பாடு எனக்குப் புரிகிறது. ஆனால் புகையின் துடிப்பை டர்போவின் சக்கரம் வாங்கி மழுக்கிவிடும் என்பதை மறுப்பதற்கில்லை. குரல் அதேதான், ஜமுக்காளத்தைப் போர்த்திக்கொண்டு பாடுவது போலிருக்கும்.

என் வாதம் இனிமேல்தான். ஹுராக்கான் ஈவோவின் எடை, எண்ணெய்களும் நீரும் ஊற்றாத நிலையில், 1,422 கிலோ என்று அறிவிக்கப்பட்டது. அதே கணக்கில் டெமராரியோ 1,690 கிலோ. ஆளுக்கு 67 கிலோ வீதம் நான்கு பேர் ஏறி உட்கார்ந்து இறங்க மறுத்தால் எப்படி இருக்குமோ, அப்படி. 920 குதிரைத்திறன் நேர்ச்சாலையில் அந்த எடையை மறைத்துவிடும், ஆனால் வளைவிலும் பிரேக்கிலும் மறைக்காது. பாரம் ஏற்றிய லாரியை இறக்கத்தில் ஓட்டியவர் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார். சூப்பர் கார் அல்லாத மெர்சிடிஸ் ஏஎம்ஜி சி63இல் நடந்ததும் இதுதான். 4 லிட்டர் வி8ஐ எடுத்துவிட்டு 2 லிட்டர் நாலு சிலிண்டரையும் மின் மோட்டாரையும் வைத்து 680 குதிரைத்திறன் என்றார்கள், வண்டியின் எடையோ 2,100 கிலோவைத் தாண்டியது. எஞ்சினைச் சிறிதாக்கி வண்டியைப் பெரிதாக்குவது எந்த ஊர்ச் சிக்கனம் என்று எனக்கு விளங்கவில்லை.

எடையை அடக்கி மின் மோட்டாரைச் சேர்ப்பது செய்ய முடியாத காரியம் என்றும் சொல்லிவிட முடியாது. மெக்லாரன் ஆர்டுராவில் பேட்டரி, மோட்டார் உட்பட மின்பகுதி முழுவதற்கும் சேர்த்து 130 கிலோ. மோட்டார் மட்டும் 15.4 கிலோ. அந்தக் காரின் கியர்பெட்டியில் ரிவர்ஸ் கியரே கிடையாது, மோட்டாரைத் திருப்பிச் சுற்றவிட்டுப் பின்னால் போகிறது. கியர்பெட்டியைப் பிரித்துப் போட்டு ரிவர்ஸ் பல்சக்கரங்களைக் கையில் தூக்கிப் பார்த்தவனுக்கு அந்த யோசனையின் அருமை தெரியும். எரிபொருள், எண்ணெய்கள், நீர் எதுவும் ஊற்றாத நிலையில் அதன் எடையை 1,395 கிலோவில் நிறுத்த முடிந்திருக்கிறது.

சுற்றுச்சூழலுக்காகவே இந்த மாற்றம் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். ஓரளவுக்கு மேல் அதை ஏற்க இயலவில்லை. 296இன் 7.45 கிலோவாட் மணி பேட்டரி 25 கிலோமீட்டர் மின்சாரத்தில் ஓடவிடும். ஐரோப்பியச் சோதனை முறை அந்த 25 கிலோமீட்டருக்குத் தாராளமாகச் சலுகை தந்ததால் தாளில் புகை குறைந்தது. சொருகி மின்னேற்றாமல் ஓட்டுபவருக்கு அந்தப் பேட்டரி வெறும் சுமை. எஞ்சின் சிறுப்பதற்கு வரியும் ஒரு காரணம் என்பேன்: சீனாவில் கார்களுக்கான நுகர்வு வரி 4 லிட்டரைத் தாண்டினால் 40 சதவீதம், 3 முதல் 4 லிட்டர் வரை 25, 2.5 முதல் 3 லிட்டர் வரை 12. 296 காரின் எஞ்சின் 2,992 சிசியிலும் டெமராரியோவின் எஞ்சின் 4 லிட்டருக்கு ஒரு முடி கீழேயும் வந்து நிற்பது தற்செயல் என்று நான் நம்பவில்லை. 208 காரின் கதைதான், நாடு மட்டும் மாறியிருக்கிறது. போர்ஷே இதில் எதிர்த்திசையில் நடந்தது. 2024இல் 911 கரேரா ஜிடிஎஸ் காரை ஹைப்ரிட் ஆக்கியபோது, அதாவது பெட்ரோல் எஞ்சினோடு மின் மோட்டாரையும் சேர்த்தபோது, எஞ்சினை 3 லிட்டரிலிருந்து 3.6 லிட்டராகப் பெரிதாக்கி, இரண்டு டர்போக்களுக்குப் பதில் ஒன்றே ஒன்றை, அதையும் மின்சாரத்தால் சுழலத் தொடங்கும்படி வைத்தது. வண்டிக்குக் கூடியது 50 கிலோ. முழு வேகத்தில் டர்போவைக் குளிர்விக்கப் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும் பழைய தந்திரத்தை விட்டுவிட்டுச் சக்தி குறையாமல் இருக்க வேண்டுமானால் கொள்ளளவு கூடத்தான் வேண்டும். அதை ஒளிக்காமல் செய்தார்கள்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். இனி இத்தகைய கார்களைப் பற்றி எழுதும்போது, நிறுவனம் தரும் வெற்று எடையை மட்டும் அச்சிடாமல், டேங்கை நிரப்பி எடைமேடையில் ஏற்றிய எடையையும் போடுங்கள். பேட்டரி தீர்ந்த நிலையில் 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட எத்தனை நொடி ஆகிறது, ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கிடைக்கிறது என்ற இரண்டு எண்களையும் அதன் பக்கத்திலேயே தாருங்கள். பேட்டரியை மாற்ற என்ன விலை என்று நிறுவனத்திடம் கேட்டு, அவர்கள் பதில் சொல்லாவிட்டால் சொல்லவில்லை என்றே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
நாமக்கல்.