பசங்க கை தட்டுனதெல்லாம் ரிசல்ட் இல்லைங்க

உயர்நிலைப் பள்ளிகள்ல தன்னம்பிக்கை, கோபத்த அடக்குறது மாதிரி விஷயங்கள சொல்லிக்கொடுக்குற இளையோர் மேம்பாட்டு ப்ரோக்ராம் நடத்துறவங்களுக்கும் அதுக்கு காசு ஒதுக்குறவங்களுக்கும்,

வணக்கம். நான் ஒரு கிளாஸ் டீச்சர். உங்க ப்ரோக்ராமோட கடைசி நாள்ல அந்த ஒரு பக்க ஃபீட்பேக் ஃபார்ம கொடுத்து, பெல் அடிக்கிறதுக்குள்ள திருப்பி வாங்கி, எண்ணி கட்டி அனுப்புனது நான்தான், அதனால அதப் பத்தி பேச எனக்கு கொஞ்சம் உரிமை இருக்கு. பாதி பேரு கேள்விய படிக்காமலே எல்லாத்துக்கும் அஞ்சு மார்க் போட்டாங்க, ஒருத்தன் பக்கத்துல இருந்தவன பாத்து எழுதுனான், இதுல கூட காப்பியாடான்னு கேட்டேன். அப்புறம் ரிப்போர்ட் வருது, 'மாணவர்களின் தன்னம்பிக்கை உயர்ந்தது'ன்னு. அந்த ஃபார்ம்ல தன்னம்பிக்கைய பத்தி ஒரு கேள்வி கூட கிடையாதுங்க. பிடிச்சுதா, ட்ரெய்னர் நல்லா பேசுனாரா, அவ்ளோதான்.

பிடிக்கிறது வேற, பலன் வேற. அமெரிக்கால மாசசூசெட்ஸ்ல 1939ல ஆரம்பிச்ச கேம்பிரிட்ஜ்-சாமர்வில் ஆய்வு இதுக்கு நல்ல உதாரணம். பசங்கள ஜோடி ஜோடியா பிரிச்சு, ஒருத்தனுக்கு மட்டும் வருஷக்கணக்குல ஆலோசகர், ட்யூஷன், கேம்ப்னு எல்லாம் கொடுத்தாங்க, இன்னொருத்தனுக்கு எதுவும் இல்ல. 30 வருஷம் கழிச்சு ஜோன் மெக்கார்டுங்கிற ஆய்வாளர் அவங்கள தேடிக் கண்டுபிடிச்சு கேட்டப்போ உதவி வாங்குனவங்கள்ல மூணுல ரெண்டு பங்கு பேரு அது எங்களுக்கு உதவுச்சுன்னுதான் சொன்னாங்க. ஆனா குடிப்பழக்கம், மறுபடி குற்றம் பண்றது, சீக்கிரம் சாவுறதுன்னு பல விஷயத்துல அவங்க நிலைமைதான் மத்தவங்களவிட மோசமா இருந்துச்சு. ஒப்பிட்டுப் பாக்க இன்னொரு குரூப் இல்லாம இருந்திருந்தா இது சூப்பர் ப்ரோக்ராம்னு பேரு வாங்கியிருக்கும்.

சரி, முன்னாடி ஒரு ஃபார்ம் பின்னாடி ஒரு ஃபார்ம் வாங்கிட்டா போதுமான்னா, அதுலயும் ஒரு சிக்கல் இருக்கு. 'எனக்கு கோபத்த அடக்க தெரியும்'னு கேட்டா முதல் நாள் எல்லாரும் அஞ்சுதான் போடுவாங்க, ஏன்னா கோபத்த அடக்குறதுன்னா என்னன்னே அவங்க யோசிச்சதில்ல. பத்து செஷன் கழிச்சு நிஜமா யோசிக்கிற பிள்ளை மூணு போடும். கணக்குல அது சரிவு, உண்மைல அந்தப் பிள்ளைதான் கத்துக்கிச்சு. இது தெரியாம சராசரிய மட்டும் பாத்தா நல்ல ப்ரோக்ராமையும் தூக்கிப் போட்டுருவீங்க. அதனால பசங்க சொல்றதோட நிக்காம வருகைப் பதிவு, சண்டை புகார் எத்தனைன்னும் பாருங்க, அதெல்லாம் ஆபீஸ்ல ஏற்கனவே இருக்கு.

இதெல்லாம் பள்ளிக்கூடத்துல நடக்காத காரியம்னு சொல்லாதீங்க. ஹாங்காங்ல 2005ல ஆரம்பிச்ச பாத்ஸ்ங்கிற இளையோர் மேம்பாட்டுத் திட்டத்துல 24 பள்ளிகள்ல ப்ரோக்ராம் நடத்தி, நடத்தாத 24 பள்ளிகளோட ஒப்பிட்டு, வருஷக்கணக்கா அதே பசங்கள தொடர்ந்து பாத்தாங்க. பிரிட்டன்ல 85 பள்ளிகள எடுத்து, அதுல கிட்டத்தட்ட பாதில மட்டும் மைண்ட்ஃபுல்னஸ், அதாவது மனச இப்போ நடக்குறதுல நிறுத்துற பயிற்சி, சொல்லிக்கொடுத்து பாத்தாங்க, வழக்கமா நடக்குற வகுப்பவிட கூடுதல் பலன் இல்லன்னு 2022ல அவங்களே வெளிப்படையா எழுதுனாங்க. அந்த நேர்மை எனக்கு ரொம்ப பிடிச்சிருக்கு.

இந்த மாதிரி ப்ரோக்ராமே வேஸ்ட்னு நான் சொல்லல. சமூக, உணர்வுத் திறன், அதாவது மத்தவங்களோட பழகுறது, தன்னோட உணர்வ கையாளுறது, இதெல்லாம் சொல்லிக்கொடுக்குற 213 ப்ரோக்ராம்கள சேர்த்துப் பாத்த 2011 ஆய்வுல பொதுவா நல்ல பலன்தான் தெரிஞ்சுது, படிப்புல கூட. ஆனா அந்த 213ல வெறும் 33தான் முடிஞ்சு குறைஞ்சது ஆறு மாசம் கழிச்சு திரும்பப் போய் பாத்துச்சு. மீதி எல்லாம் என்ன ஆச்சு? யாருக்கும் தெரியாது.

இன்னொன்னு, உங்க ரிப்போர்ட்ல பத்து செஷன்னு இருக்கு. என் கிளாஸ்ல நடந்தது ஆறு. ரெண்டு பரீட்சைல போச்சு, ரெண்டு நாள் ட்ரெய்னரே வரல. பலன் இல்லன்னு வந்தாலும் அது ப்ரோக்ராம் தப்பா, நடத்துன விதம் தப்பான்னு எப்படி கண்டுபிடிப்பீங்க? எந்த செஷன் நடந்துச்சு, யார் எடுத்தாங்கன்னு ஒரு நோட்டுல எழுதி வைக்கிறதுக்கு பெரிய செலவே இல்லைங்க.

அடுத்த பேட்ச் ஆரம்பிக்கிறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே சொல்லுங்க, முதல் ஃபார்ம நான் வாங்கி வைக்கிறேன், பேரு வேண்டாம், நம்பர் போதும். இந்த வருஷம் ப்ரோக்ராம் கிடைக்காத பக்கத்து செக்‌ஷன்லயும் அதே ஃபார்ம வாங்கலாம், அவங்களுக்கு அடுத்த வருஷம் கொடுத்துருங்க, பசங்க யாருக்கும் நஷ்டம் இல்ல. ஆறு மாசம் கழிச்சு திரும்ப வாங்க. வரும்போது ட்ரெய்னர கூட்டிட்டு வர வேண்டாம், அவரு முன்னாடி யாரும் உண்மைய எழுத மாட்டாங்க.

இப்படிக்கு,
ஃபார்ம் எண்ணிக் கட்டி அனுப்புன டீச்சர்