பைலட் இன்றைக்கு வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சித்திரை பிறந்துவிட்டால் எங்கள் ஊரில் கேதார்நாத் பேச்சுதான். எந்த டூர்க்காரர், எத்தனை நாள், நடையா ஹெலிகாப்டரா என்று கோயில் வாசலில் ஆளாளுக்கு விசாரித்துக்கொண்டிருப்பார்கள். போகிறவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று சில வருஷமாகவே நினைத்து, தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இப்போது எழுதிவிடுகிறேன்.

2018 மே மாதம் நானும் என் மனைவியும் போயிருந்தோம். குப்தகாசியைத் தாண்டி ஒரு ஹெலிபேடு. விடிவதற்கு முன்னாலேயே எல்லோரையும் எடை மெஷினில் ஏற்றி இறக்கி, வரிசையாக உட்கார வைத்துவிட்டார்கள். எட்டு மணி வரை வானம் பளிச்சென்று இருந்தது. அப்புறம் பள்ளத்தாக்கின் அடியிலிருந்து பால் பொங்கி வருவதுபோல மேகம் ஏறி வந்தது, எதிர் மலையில் இருந்த மரங்கள் கீழ் வரிசையிலிருந்து ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. பைலட்டுக்கு ஐம்பது வயது இருக்கும். கையில் டீ கிளாஸோடு கம்பி வேலி ஓரமாக நின்று அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. பிறகு தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். இன்றைக்குப் பறக்காது என்று அறிவித்தார்கள்.

கூட்டம் கொதித்துவிட்டது. நேற்று இதைவிட மோசமாக இருந்ததே, அப்போது மட்டும் எப்படிப் பறந்தது என்று ஒருவர் கேட்டார். எங்களுக்கு மறுநாள் இரவு டெல்லியில் ரயில். எனக்கு ஹிந்தி வராது, ஆனாலும் கவுன்டரைத் தட்டி, காசு வாங்கினீர்கள் அல்லவா, ஏற்றிக்கொண்டு போங்கள் என்று தமிழிலேயே கத்தினேன். அந்த பைலட் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. கேதாரத்தைப் பார்க்காமலே ஊர் திரும்பினோம். அந்தக் கோபம் எனக்கு ரொம்ப நாள் அடங்கவில்லை.

2022 அக்டோபர் 18 அன்று கேதார்நாத்திலிருந்து திரும்பிய ஒரு ஹெலிகாப்டர் மூடுபனியில் கருட் சட்டி அருகே விழுந்து நொறுங்கியது. பைலட்டும் ஆறு யாத்ரீகர்களும் இறந்தார்கள், அதில் மூன்று பேர் சென்னையிலிருந்து போனவர்கள். உங்கள் பத்திரிகையில் அதைப் படித்தபோது எனக்கு அந்த ஆறிப்போன டீதான் ஞாபகம் வந்தது. 2025 ஜூன் 15 அதிகாலையில் கௌரிகுண்ட் பக்கம் மறுபடி ஒன்று. ஏழு பேர், இரண்டு வயது நிரம்பாத ஒரு குழந்தையும் சேர்த்து.

மேகத்துக்குள் போனால் என்ன, பைலட்டுக்கு வழி தெரியாதா என்று நானும்தான் கேட்டேன். தெரியாது என்பதுதான் உண்மை. அந்தப் பள்ளத்தாக்கில் பறப்பதெல்லாம் மலையையும் ஆற்றையும் கண்ணால் பார்த்துப் பறப்பது. வெளியே எல்லாம் வெள்ளையாகிவிட்டால் மேல் எது கீழ் எது என்று உடம்பு பொய் சொல்ல ஆரம்பித்துவிடும். சின்ன வயதில் தட்டாமாலை சுற்றியிருப்போம், நின்ற பிறகும் பூமி எதிர்ப்பக்கமாகச் சுற்றுவதுபோல இருக்குமே, அது காதுக்குள் இருக்கும் நீரின் வேலை. விமானம் மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்து வளைந்துகொண்டே போனால் அந்த நீர் அதற்குப் பழகி, நேராகத்தான் போகிறோம் என்று நம்ப வைத்துவிடும். நேராக நிமிர்த்தினாலோ, சாய்கிறோம் என்று தோன்றும்.

1954இல் அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சி இல்லாத 20 பேரைச் சிறிய விமானத்தில் ஏற்றி, வெளியே தெரியாதபடி மறைத்துச் சோதித்தார்கள். 20 பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள், சராசரியாக 178 வினாடியில். மூன்று நிமிஷம்கூட இல்லை! பிறகு அவர்களுக்கே, மேகத்துக்குள் மாட்டினால் வந்த வழியே திரும்புவது எப்படி என்று மட்டும் சொல்லிக்கொடுத்தார்கள். கிட்டத்தட்ட எல்லாத் தடவையும் ஒழுங்காகத் திரும்பினார்கள்.

அனுபவம் இருந்தால் போதும் என்றும் சொல்ல முடியாது. 2020 ஜனவரியில் கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் இறந்த ஹெலிகாப்டரை ஓட்டியவர் எட்டாயிரம் மணி நேரத்துக்கு மேல் பறந்தவர், கருவிப் பயிற்சியும் பெற்றவர். 4,000 அடிக்கு ஏறுகிறேன் என்று அவர் ரேடியோவில் சொன்ன நேரத்தில் ஹெலிகாப்டர் இடப்பக்கம் சாய்ந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது. ஒன்பது பேரும் போய்விட்டார்கள். விசாரித்தவர்கள் இன்னொன்றும் சொன்னார்கள்: போயே ஆக வேண்டும் என்று அவரை யாரும் வற்புறுத்தியதற்கு ஆதாரம் இல்லை, அந்த நெருக்கடியை அவரே தனக்கு ஏற்படுத்திக்கொண்டார். யாரும் வற்புறுத்தாத இடத்திலேயே இப்படி. நான் கவுன்டரைத் தட்டினேன்.

நம் குன்னூரில் 2021 டிசம்பர் 8 அன்று முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் போன ஹெலிகாப்டர், ரயில் பாதையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பனிக்குள் மறைந்ததை டிவியில் பார்த்தோம். பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் வானிலை மாறி மேகத்துக்குள் போனதுதான் காரணம் என்றது விமானப்படையின் விசாரணை. விமானப்படை விமானிக்கே அந்தக் கதி.

ஆகவே டூர் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கேதார்நாத்துக்கு ஒதுக்கும் நாளுக்கு அடுத்து ஒரு நாளாவது காலியாக விடுங்கள். மறுநாள் ரயில் என்று டிக்கெட் போட்டுவிட்டு பைலட்டின் தலையில் கொண்டுபோய் நிறுத்துகிறோம். வானிலையால் பயணம் ரத்தானால் முழுப் பணமும் கையோடு திரும்ப வேண்டும், அதற்காக ஒருவரும் கவுன்டரில் நின்று சண்டை போடும்படி வைக்கக்கூடாது. இத்தனை நடை பறந்தால் இவ்வளவு என்று பைலட்டுக்குக் கணக்குப் பார்க்கும் வழக்கம் எங்கேயாவது இருந்தால் அதை அரசு நிறுத்த வேண்டும். போகிறவர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன், பைலட் வேண்டாம் என்று தலையை ஆட்டினால் எழுந்து வந்துவிடுங்கள், முடிந்தால் அவருக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டு.

என் மைத்துனி குடும்பம் இந்த வைகாசியில் போகிறது. இந்தக் கதையைச் சொல்லி, திரும்பும் டிக்கெட்டை இரண்டு நாள் தள்ளிப் போட வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்,
கும்பகோணம்.